நிற்கும் படகுக்கும் காவல் வேண்டும்

சித்தூர், திருப்பதி என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்ட அளவில் நம் நேயர்கள் உள்ளத்தில் தோன்றுவன ஏழுமலையும், கோயில் கோபுரமும், மாந்தோப்புகளும் ஆகும். படகு தோன்றுவதில்லை. தோன்றினும், பால்குனப் பௌர்ணமியில் நிறைவெய்தும் ஐந்து நாள் தெப்போற்சவத்தின்போது திருமலைப் புஷ்கரிணியில் விளக்கொளி சூழ வலம் வரும் தெப்பமே நினைவுக்கு வரும். மலையும் வறண்ட மேட்டு நிலமும் மிகுந்த அப்பகுதியில் படகைக் காப்பது பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வியக்கலாம்.

அவ்வாறு வியப்போர் அண்மையில் நேர்ந்த ஒரு மாறுதலை நினைவுகூர்தல் வேண்டும். 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960இல் திருத்தணி வட்டம் தமிழகத்தை அடைந்தது. எஞ்சிய பகுதியில் வாழும் தமிழ் மக்கள் அன்றுமுதல் இருமொழி வாழ்வுக்குப் பழகியவர்கள். பின்னர் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆந்திரப் பிரதேசத்து மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் இணைந்து திருப்பதி மாவட்டமாயின. மலையடிவாரத்துத் திருப்பதி இவ்வாறு கடற்கரையும் உடைய மாவட்டத்தின் தலைநகராயிற்று. சூளூர்ப்பேட்டை, தடா ஆகிய ஊர்களுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். அதன் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் உள்ளது. தென்பகுதி தமிழகத்தைச் சார்ந்தது. அதன் கரைகளில் மீன்பிடித்து வாழும் குடும்பங்களுக்குப் படகே நிலம், படகே ஏர், படகே விளைச்சல்.

குளிர்காலத்தில் படகைக் காப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதனைக் கேட்கும் தமிழன்பர்களுள் சிலர் காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் பணிபுரிபவர்கள். அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் நீர் கல்லாய் உறையும் காலம். வேறு சிலர் திருப்பதி வட்டாரத்தில் குடியேறியவர்கள். அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அதன் பின்வரும் மார்கழிப் பனியுமேயாம். அங்கே நீர் உறைவதில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு உலகங்கள் எனத் தோன்றும். ஆயினும் இரண்டிடத்தும் படகை மூழ்கடிக்கும் காரணம் ஒன்றே. வெளியே உள்ள நீர் படகைத் தாங்குகிறது. உள்ளே புகுந்து தங்கும் நீர் அதனை ஆழ்த்துகிறது. அந்நீர் பெரும்பாலும் உள்ளே புகுவது, படகு ஓடும்போதன்று. கரையோரத்தில் கட்டப்பட்டு, கவனிப்பாரின்றி நிற்கும்போதேயாம்.

படகு மிதப்பதன் காரணத்தை முதலில் காண்போம். ஒரு படகு தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கிக்கொண்டு மிதக்கிறது. எடை கூடக்கூட அது மேலும் ஆழ்கிறது. நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் பக்கச்சுவரின் உயரமே அதன் பாதுகாப்பு. அவ்வுயரம் ஒரு முழம் இருக்கும்வரை சிற்றலைகள் உள்ளே வாரா. அது நாலு விரற்கிடையாகக் குறைந்துவிட்டால், அருகில் செல்லும் மற்றொரு படகு எழுப்பும் அலையே போதும். நீர் விளிம்பைத் தாண்டி உட்புகும். அதன்பின் மூழ்குவதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஆகவே, ஒரு படகு மூழ்குவது திடீரென நிகழ்வதுபோலத் தோன்றினும், உண்மையில் அது பல நாள்களாகச் சிறிது சிறிதாக நடந்து வருவதொன்றாகும்.

இனிக் கடுங்குளிரின் செயலைப் பார்ப்போம். பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். நீரும் ஓரளவுவரை அவ்வாறே சுருங்குகிறது. ஆனால் சென்டிகிரேட் 4 பாகைக்குக் கீழே அதன் இயல்பு மாறுகிறது. அது மெல்ல விரியத் தொடங்குகிறது. பூஜ்யம் பாகையில் உறைந்து கட்டியாகும்போது நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பங்கு பருமன் கூடிவிடுகிறது. அதாவது, 11 லிட்டர் நீர் உறைந்தால் 12 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் பனிக்கட்டியாகும். அந்த ஒரு லிட்டருக்கு இடமில்லாவிடின் அது இடத்தை உண்டாக்கிக்கொள்ளும். வார்ப்பிரும்பும் பித்தளையும் அதன் விசைக்கு ஈடுகொடா. வாய் இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்பிக் குளிர்ப்பெட்டியின் உறைவிப்பு அறையில் வைத்தவர்கள் மறுநாள் கண்ட காட்சியை மறந்திருக்கமாட்டார்கள்.

இதே இயல்பினால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது. 4 பாகை நீர் கனமானதாதலின் அடியில் தங்கும். அதனினும் குளிர்ந்த நீர் இலேசானதாதலின் மேலே நின்று உறையும். பனிக்கட்டியின் கீழ் மீன்கள் உயிர்வாழ்வது இதனாலேயாம். மேலும், பெரிய நீர்ப்பரப்பு குளிர்வதற்கு நெடுநாள் பிடிக்கும். சிறிதளவு நீரோ ஓரிரவில் உறைந்துவிடும். உதகமண்டலத்தில் தையிலும் மார்கழியிலும் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்க, பக்கத்து ஏரி உறையாதிருப்பதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஏரி உறையவில்லையே என்று எண்ணிப் படகுக்காரன் அமைதியுறுதல் கூடாது. ஏரி உறைவதற்கு நெடுநாள் முன்பே, படகின் குழாய்களில் தங்கிய ஒரு குவளை நீர் உறைந்திருக்கும்.

எஞ்சின் பூட்டிய படகுகளில் இந்தக் குவளை நீர் தங்கும் இடங்கள் பல. எஞ்சினைக் குளிர்விப்பதற்காக ஏரி நீரை உறிஞ்சிச் சுற்றவிடும் வழிகள், நீர் உட்புகும் வால்வு, வடிகட்டி, நீர் இறைக்கும் பம்பு, அவற்றை இணைக்கும் குழாய்கள் ஆகியன அவை. நீர் உறைந்ததும் இவற்றில் ஒன்று விரிசல் காணும். வியப்பு யாதெனில், அன்று படகுக்கு ஒன்றும் நேராது. விரிசலை உண்டாக்கிய பனிக்கட்டியே அதனை அடைத்துக்கொண்டும் நிற்கும். வாரங்கள் பல கழித்து வெயில் எழுந்து, பனி உருகி, ஏரி மீண்டும் அழகுறத் தோன்றும் நாளில் அடைப்பு நீங்கும். ஏரி நீர் விரிசல் வழியே சிறுகச் சிறுக உள்ளே கசியும். உறைந்த நாளில் நேர்ந்த சேதத்துக்குப் பலியாகிப் படகு மூழ்குவது உருகும் நாளில். குளிர் போய்விட்டது, இனி அச்சமில்லை என்று உரிமையாளர் நினைக்கும் நேரம் அது.

நம் நாட்டில் இவ்வகைக் குளிருக்குப் பெயர்போன நீர்நிலை ஸ்ரீநகரத்துத் தால் ஏரியாகும். டிசம்பர் 21 முதல் 40 நாள்கள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலத்தைக் காஷ்மீரத்தார் 'சில்லாய் கலான்' என்பர். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8 பாகையையும் தாண்டி இறங்கியது. ஏரியின் மேற்பரப்பு உறைந்தது. அத்தகைய நாள்களில் ஷிகாராப் படகோட்டிகள் துடுப்பினால் பனிக்கட்டியை உடைத்து வழி செய்துகொண்டு செல்வர். அங்குள்ள படகு வீடுகள் தேவதாரு மரத்தால் ஆனவை. அவற்றைக் கரையேற்றி வைப்பது எளிதன்று. நீரிலேயே நின்று குளிரைக் கழிக்கவேண்டும்.

படகு வீட்டுக்குக் குளிரினும் கொடிய பகை கூரைமேல் படியும் வெண்பனி. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 30 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள கூரையின் பரப்பு 120 சதுர மீட்டர். அதன்மேல் 30 சென்டிமீட்டர் உயரம் புதுப்பனி படிந்தால், அதன் பருமன் 36 கன மீட்டர். பஞ்சுபோன்ற புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ எனக் கொண்டாலும் மூன்றரை டன்னுக்கு மேலாகும். அதே உயரத்துக்கு ஈரப்பனி படிந்தால் எடை மும்மடங்காகிப் பத்து டன்னைத் தாண்டும். பாரம் ஒருபுறமாகச் சரிந்தால் படகும் சரியும். பலகை இடுக்குகளில் என்றும் நீரைக் காணாத மேற்பகுதி நீருக்குள் அமிழும். அங்குள்ள இடுக்குகள் வழியே நீர் புகும். இதனால்தான் பனி பெய்தவுடன், இரவென்றும் பகலென்றும் பாராமல், குடும்பத்தார் மரப்பலகைகளால் கூரைப்பனியைத் தள்ளுகின்றனர். ஒரு பக்கத்தை முற்றும் தள்ளிவிட்டு மறுபக்கம் செல்லாமல், இருபுறமும் சமமாகக் குறைத்துக்கொண்டு வருதல் வேண்டும்.

உறையும் நாடுகளில் கையாளப்படும் முறைகளைத் தொகுத்துக் கூறுவோம். கரையேற்றக்கூடிய சிறு படகுகளைக் குளிர் தொடங்குமுன் கரையேற்றி, மரக்கட்டைகளின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதே எல்லாவற்றிலும் சிறந்தது. கவிழ்ந்த படகில் நீரும் தங்காது, பனியும் தங்காது. நீரில் நிற்கவேண்டிய படகாயின், உட்புகு வால்வுகளை மூடி, எஞ்சினிலும் குழாய்களிலும் உள்ள நீரை முற்றும் வடித்துவிடவேண்டும். வடிக்க இயலாத வளைவுகளில் உறைதடுப்புத் திரவத்தைச் செலுத்துவர். இத்திரவங்களில் எதிலீன் கிளைக்கால் என்பது கடும் நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாமல் வைத்தல் கட்டாயம். புரொப்பிலீன் கிளைக்கால் அத்துணைத் தீங்கற்றது. மின்கலத்தையும் கவனித்தல் வேண்டும். மின்னேற்றம் தீர்ந்துபோன மின்கலம் உறைநிலைக்குக் கீழே 7 பாகை அளவிலேயே உறைந்து வெடிக்கலாம்; முழுமின்னேற்றம் பெற்றதோ காஷ்மீரத்துக் குளிரையும் எளிதில் தாங்கும். சில நாடுகளில் படகின் அடியில் காற்றுக் குமிழிகளைச் செலுத்துவர். குமிழிகள் மேலெழும்போது, அடியிலுள்ள 4 பாகை நீரையும் உடன் கொண்டு வருவதால் படகைச் சூழ்ந்த பகுதி உறைவதில்லை. இயற்கை ஏரியடியில் சேமித்த வெப்பத்தை மனிதன் மேலே எடுத்துப் பயன்கொள்ளும் எளிய உபாயம் இது.

இனித் தெற்கே திரும்புவோம். பழவேற்காடு ஏரியில் பனிக்கட்டி என்பது மீன் வியாபாரியின் பெட்டியில் மட்டும் காணப்படும் பொருள். அங்கே குளிர்காலத்தின் வாயிலில் நிற்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் தோன்றும் தாழ்வுநிலைகளும் புயல்களும் இக்கரையை அடிக்கடி தாக்குவன. 2021 நவம்பரில் திருப்பதி நகரமே வெள்ளக்காடாயிற்று. சுவர்ணமுகி ஆறு கரை புரண்டது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் பாபட்லா அருகே கரையைக் கடக்குமுன் திருப்பதி, நெல்லூர் மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டிற்று. இத்தகைய நாள்களில் மீனவர் கடலுக்கோ காயலுக்கோ செல்வதில்லை. படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். புயலை எண்ணி வீட்டுக்கூரையைக் கட்டுவர். வலையை உள்ளே எடுத்து வைப்பர். படகு கரையில்தானே நிற்கிறது என்று விட்டுவிடுவதும் உண்டு.

மேலே பனிக்குச் செய்த கணக்கை இங்கே மழைக்குச் செய்து பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். எட்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள திறந்த படகின் வாய்ப்பரப்பை 12 சதுர மீட்டர் எனக் கொள்வோம். ஒரு புயல்மழையில் 200 மில்லிமீட்டர் பெய்தால், படகுக்குள் சேர்வது 2400 லிட்டர், அஃதாவது 2.4 டன். ஆளுக்கு 60 கிலோ வீதம் 40 பேர் இரவோடிரவாகப் படகில் ஏறி உட்கார்ந்ததற்கு அது சமம். நாற்பது பேர் ஏறினால் கரையில் உள்ளோர் கூச்சலிட்டுத் தடுத்திருப்பர். மழைநீர் ஓசையின்றி ஏறுகிறது. ஸ்ரீநகரத்துக் கூரையில் ஏறும் பனியும் அவ்வாறே ஏறுகிறது.

உள்ளே சேரும் நீருக்கு மற்றொரு தீய குணமும் உண்டு. அது நிலையாக நில்லாது. கட்டிவைத்த மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். நீரோ, படகு சிறிது சாய்ந்தால் சாய்ந்த பக்கமே ஓடிச் சேரும். சாய்வு அதனால் மிகும். மிகுந்த சாய்வு மேலும் நீரை அப்பக்கம் இழுக்கும். முழங்கால் அளவு நீர் நிற்கும் படகு, அதே எடையுள்ள மீனை ஏற்றிய படகைக் காட்டிலும் எளிதாகக் கவிழ்வதன் காரணம் இதுவே. இறைக்கும்போது பலர் ஒரே பக்கத்தில் ஏறி நிற்பதும் இதனால் ஆபத்தாகும். நடுவில் இருவர் அமர்ந்து இறைத்தலே முறை.

கயிறு கட்டுவதிலும் கவனம் வேண்டும். பழவேற்காடு ஏரி ஆழமற்றது. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் வெள்ளத்தைக் கொண்டு வந்து கொட்டும்போதும், புயற்காற்று கடல் நீரை முகத்துவாரத்தின் வழியே தள்ளும்போதும் நீர்மட்டம் சில மணி நேரத்தில் உயர்ந்துவிடும். முளையில் குட்டையாக இறுக்கிக் கட்டிய படகின் முகப்பு அப்போது மேலெழ முடியாமல் கயிற்றால் பிடிபட்டு, நீருக்குள் அழுந்தும். படகைக் காப்பதற்காகக் கட்டிய கயிறே அதனை மூழ்கடித்ததாய் முடியும். முன்னும் பின்னும் இரு கயிறுகள் இட்டு, நீர் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தாலும் படகு எழும்புவதற்குப் போதிய தளர்வு விட்டு, ஒன்றோடொன்று மோதாத இடைவெளியில் கட்டுதல் நன்று. கயிறு விளிம்பில் உராயும் இடத்தில் பழந்துணியோ ரப்பர்த் துண்டோ சுற்றிவைப்பது இரண்டு காசுச் செலவில் இரண்டு இலட்சத்தைக் காக்கும்.

உறைபனி செய்யும் விரிசலை இங்கே செய்வது வேறு பகைகள். மரப்படகுகளில் கப்பல் புழு உப்புநீரில் வாழ்ந்து பலகையை உள்ளிருந்து குடைகிறது. வெளியே ஊசித்துளை, உள்ளே தேன்கூடு. மழைவெள்ளத்தால் காயல் நீர் நன்னீராகும்போது புழு ஒடுங்கும். ஆனால் அது முன்னரே குடைந்து வைத்த பலகை அந்த வெள்ளத்தில்தான் உடையும். கொட்டலசு ஒட்டிய அடிப்பலகையின் பூச்சு பெயர்ந்துவிடும். கோடையில் நெடுநாள் வெயிலில் கிடந்த மரம் சுருங்கி, இடுக்குகள் வாய்விடும். இதற்காகவே பலகை இணைப்புகளில் பஞ்சையோ நாரையோ திணித்து, எண்ணெயும் குங்கிலியமும் கலந்து பூசும் வழக்கம் நம் கரைகளில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. இவ்வேலையைக் கலப்பற்று என்பர். இன்று பல ஊர்களில் மரத்தின் இடத்தைப் பிடித்துள்ள பைபர் படகுக்குப் புழுவின் அச்சம் இல்லை. எனினும் மோதலால் உண்டாகும் மயிரிழை விரிசலுக்கும், எஞ்சின் பொருத்திய திருகாணித் துளைகளில் ஏற்படும் கசிவுக்கும் அதுவும் ஆளாகும். மரம் மூழ்கினாலும் மிதக்க முயலும். காற்றறையோ நுரைக்கட்டையோ இல்லாத பைபர் படகு நீர் நிறைந்தால் அடியிற் சென்று உட்கார்ந்துவிடும்.

ஆதலின் ஆண்டு முழுவதற்கும் ஒரு முறையான திட்டம் வகுத்துக்கொள்ளுதல் நலம். கிழக்குக் கடற்கரையில் இயந்திரப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. கடலுக்குச் செல்லும் பெரிய படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பூசுவது அக்காலத்தில்தான். காயலில் ஓடும் சிறு படகுகளுக்கும் அதுவே ஏற்ற காலம். வெயிலில் பூச்சு நன்கு உலரும். பழுதுபார்த்த மரப்படகை உடனே ஆழத்தில் விடாமல், கரையோரத்தில் ஓரிரு நாள் நிறுத்தி, பலகை நீரில் ஊறி இடுக்குகள் மூடிக்கொண்டனவா எனப் பார்க்கவேண்டும். புரட்டாசியில், மழைக்கு முன், இரண்டாம் முறை சோதித்தல் வேண்டும். அடித்துளையின் தக்கை இறுக்கமாக இருக்கிறதா, நீர் வடியும் வழிகளில் மீன் செதிலும் வலைத்துணுக்கும் அடைந்துள்ளனவா என்று கையை விட்டுப் பார்த்தலே சோதனை. கண்ணால் பார்த்தல் போதாது.

ஐப்பசி பிறந்தால், சிறு படகுகளை நான்கு பேர் கூடிக் கரைமேட்டுக்கு இழுத்துக் கவிழ்த்து வைக்கலாம். நீரில் நிற்கவேண்டிய படகின்மேல் தார்ப்பாய் போர்த்தலாம். ஆனால் தார்ப்பாயைத் தட்டையாக விரித்தால் அதன்மேலேயே குளம் கட்டிவிடும். நடுவே நெடுக ஒரு மூங்கிலை உயர்த்திக் கட்டி, வீட்டுக்கூரைபோல இருபுறமும் சரிவாகப் போர்த்தி, இரு முனைகளிலும் காற்று நுழைய இடம் விடவேண்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு, எஞ்சினைக் கழற்றி உயரத்தில் வைத்தல் வேண்டும். பெருங்காற்றில் தார்ப்பாய் பாயாக மாறிப் படகையே இழுத்துச் சென்றுவிடும். மழை விட்ட ஒவ்வொரு முறையும் நீரை இறைக்கவேண்டும். விடாத மழையாயின், காற்றின் வேகம் இடங்கொடுக்கும்போதெல்லாம் இறைக்கவேண்டும். புயல் வீசும் நேரத்தில் படகைக் காக்க எவரும் நீரில் இறங்குதல் கூடாது. படகைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், ஆளை எடுத்துக்கொள்ள முடியாது.

இத்தனைக்குப் பிறகும் படகு மூழ்கினால் என் செய்வது? ஆழமற்ற காயலில் மூழ்கிய படகு பெரும்பாலும் மீட்கத்தக்கதே. ஆனால் அவசரப்பட்டு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பவர்கள் மீட்கக்கூடியதையும் இழக்கின்றனர். உள்ளே நீர் இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால், அழுத்த இயலாத அந்நீர் தண்டுகளை வளைத்துவிடும். முதலில் நன்னீரால் உப்பை நன்கு கழுவி, உள்நீரை வெளியேற்றி, எரிபொருளையும் எண்ணெயையும் மாற்றி, மெக்கானிக்கிடம் அன்றே காட்டுதல் வேண்டும். காற்றுப்பட்டவுடன் துரு தன் வேலையைத் தொடங்கிவிடுமாதலின், இங்கே ஒருநாள் தாமதம் ஒரு மாதத் தாமதத்துக்கு ஒப்பாகும்.

இதுகாறும் கூறியவற்றில் அருமையான கருவியோ, பெருஞ்செலவோ ஒன்றுமில்லை. ஒரு வாளி, ஒரு மூங்கில், இரண்டு கயிறு, ஒரு மரப்பலகை. இவற்றைக் காட்டிலும் முதன்மையாக வேண்டப்படுவது நாள்தோறும் வந்து பார்க்கும் ஒரு மனிதன். இங்கேதான் வெளிமாநிலத்துத் தமிழர்க்கு இப்பொருளில் நேரான பங்கு உண்டு. கடலோர ஊர்களிலிருந்து இளைஞர் பலர் தொழிற்சாலை வேலைக்கும், கட்டட வேலைக்கும், இராணுவப் பணிக்கும் வெளியூர் சென்றுவிடுகின்றனர். தகப்பனார் முதுமையினால் தளர்ந்திருப்பார். தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருப்பான். படகு முளையில் கட்டிக் கிடக்கும். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் எண்ணுவர். எல்லோரும் எண்ணியதனாலேயே ஒருவரும் பாரார். அப்படகுக்காக வாங்கிய கடனோ மழைக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். மழை ஓய்ந்து, காயலில் மீண்டும் வலை வீசும் நாள் வரும்போது, படகில்லாத குடும்பம் பிறர் படகில் கூலிக்கு ஏறவேண்டியதாகும்.

ஊரைவிட்டு வந்த அன்பர்கள் தங்கள் வீட்டாருக்கு எழுதும்போதும் தொலைபேசியில் பேசும்போதும் நலம் விசாரிப்பர். மழை எப்படி என்றும் கேட்பர். அத்துடன், "படகில் நீர் இறைத்தாயிற்றா? இறைத்தவர் யார்?" என்று பெயரைக் கேட்டறிதல் நலம். பொறுப்பை இன்ன அண்டை வீட்டார், இன்ன மாமன் என்று ஒருவரிடம் சொல்லி ஒப்படைத்து, அதற்குரிய சிறு தொகையையும் அனுப்பிவிட்டால், புயல் எச்சரிக்கை வரும் இரவில் தொலைவில் இருப்பவருக்கும் உறக்கம் வரும். திருப்பதி வட்டாரத்தில் குடியேறியோர் தம் தெலுங்கு அண்டை அயலாரிடம் இதனைச் சொல்லத் தயங்கவேண்டியதில்லை. தண்ணீர் ஏறிய படகைக் கண்டால் 'நீரு' என்று ஒரு குரல் கொடுப்பதும், 'தண்ணீர்' என்று ஒரு குரல் கொடுப்பதும் அக்கரையில் ஒரே பொருளைத்தான் உணர்த்தும். கேட்டவர் வாளியோடு வருவார்.

காஷ்மீரத்தில் பணிபுரியும் அன்பர்களும், தாங்கள் தங்கும் ஏரிக்கரையில் விடியற்காலையில் கூரைப்பனியைத் தள்ளும் ஓசையைக் கேட்டால் அதன் பொருளை இனி அறிவர். அங்கே ஒருவர் பனியைத் தள்ளுகிறார். அதே வேளையில் தடாவுக்கு அருகே ஒருவர் மழைநீரை இறைத்துக்கொண்டிருப்பார். இருவரும் தம் குடும்பத்தின் வயிற்றுப்பாட்டையே நீர்மட்டத்துக்கு மேல் நிறுத்தி வைக்கின்றனர். மழைக்காலம் தொடங்க இன்னும் நாள் இருக்கும்போதே, தக்கையையும் கயிற்றையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிடுவோமாக.